கோட்டுக்கு இந்தப் பக்கம்

அன்ரி எனக்கு முதன்முதலில் எறிந்தது ஒரு தேங்காய்.

டோர்செட் பார்க்கில் எங்கள் கட்டடத்துக்குக் கிட்ட ஒரு தமிழ்க்கடை இருந்தது. சனிக்கிழமைகளில் அங்கே தேங்காய் மலிவு. வாசலுக்குப் பக்கத்தில் ஒரு பெரிய மட்டைப்பெட்டி நிறையக் கொட்டி வைத்திருப்பார்கள். பெண்கள் அதைச் சுற்றி நெருக்கமாக நின்று, ஒவ்வொரு காயாக எடுத்துக் காதடியில் குலுக்கிப் பார்த்து, தண்ணீர் நன்றாக ஆடுகிற காயை வைத்துக்கொண்டு மற்றதைத் திருப்பிப் போடுவார்கள். எனக்குக் கூட்டத்துக்குள் கை விட வராது. சின்ன வயதிலிருந்தே அப்படித்தான். எல்லாரும் எடுத்து முடியட்டும் என்று அரிசிப் பைகள் அடுக்கியிருந்த மூலையில் நிற்பேன். அவர்கள் முடிக்கும்போது பெட்டிக்குள் வெடித்த காய்தான் கிடக்கும். அதை வாங்கிக்கொண்டு போவேன். என் கணவர் அதை உடைத்து மணந்து பார்த்துவிட்டு, "உன்னை மாதிரி ஆக்கள் இருக்கிறதாலைதான் கடைக்காரர் பிழைக்கினம்" என்பார்.

அன்றைக்கும் அந்த மூலையில்தான் நின்றேன். கூட்டத்தின் நடுவில் ஒரு நரைத்த கொண்டை மற்றத் தலைகளுக்கு மேலே எழும்பியது. இரண்டு முழங்கைகள் விரிந்தன. அவை யாரையும் இடிக்கவில்லை. ஆனாலும் அவற்றுக்கு உள்ளே ஒருவராலும் வரமுடியவில்லை. அந்த அம்மா ஒரு காயை எடுத்தார், குலுக்கினார், ஒரு காலை ஊன்றியபடியே மற்றக் காலால் சுற்றித் திரும்பினார். கண் கடை முழுக்க ஒருமுறை ஓடி வந்து என்னில் நின்றது.

"பிடி மனே."

நெஞ்சுக்கு நேரே வைத்து இரண்டு கையாலும் ஒரு தள்ளு. தேங்காய் பெண்களின் தலைகளுக்கு இடையால் நேராக வந்தது. நான் பிடித்துவிட்டேன். பள்ளிக்கூடத்தில் எனக்கு எறிந்த எந்தப் பந்தையும் நான் பிடித்ததில்லை. இது தேங்காய் என்றபடியால் பிடித்திருப்பேன். விட்டிருந்தால் பல்லுப் போயிருக்கும்.

அந்த அம்மா கூட்டத்தைவிட்டு வெளியே வந்தார். கையில் ஒன்றும் இல்லை. தனக்கு ஒரு காய்கூட எடுக்கவில்லை.

"நல்ல இடத்தில நிண்டாய்," என்றார்.

"நான் சும்மா ஒதுங்கி நிண்டனான் அன்ரி."

"அதத்தான் சொல்றன். ஒருத்தரும் உன்னக் கவனிக்கல்ல. அப்பிடி நிக்கிற ஆளுக்குத்தான் குடுக்கோணும்."

நான் ஒதுங்கி நிற்பதைப் பற்றி என் வாழ்க்கையில் பலர் பலதும் சொல்லியிருக்கிறார்கள். அது ஒரு கெட்டித்தனம் என்று சொன்னவர் அவர் ஒருவர்தான்.

இது நடந்து பத்துப் பன்னிரண்டு வருடம் இருக்கும். அந்தக் கடை இப்போது இல்லை. அன்ரியின் பெயர் எனக்குத் தெரியும், ஆனால் அதை எழுதப்போவதில்லை. தன்னுடையது என்று எதையும் ஒரு இடத்தில் வைத்திருப்பது அவருக்குப் பிடிக்காது.

நாங்கள் இருந்த மாடியிலேயே, லிஃப்டுக்கு அந்தப் பக்கம், அன்ரி தன் மகனின் குடும்பத்தோடு இருந்தார். மட்டக்களப்புக்காரர். நான் யாழ்ப்பாணம். நாங்கள் 'திரும்பு' என்பதை அவர் 'கிறுகு' என்பார். மகனோ மகளோ, எல்லாருமே அவருக்கு 'மனே'தான். நான் மனே, என் கணவர் மனே, பஸ் ஓட்டுகிற சீனப் பெண்ணும் மனே. கட்டடத்தைப் பார்த்துக்கொண்ட கயானாக்காரரை நாங்கள் 'சுப்பர்' என்று கூப்பிடுவோம். அன்ரிக்கு அவரும் மனே. அது தன்னுடைய தமிழ்ப் பெயர் என்றே அந்த மனிதர் நம்பியிருந்தார். எங்களுக்கு எழுதி ஒட்டும் அறிவித்தல்களில் ஒருமுறை தன் பெயருக்குக் கீழே 'மனே' என்றும் போட்டிருந்தார்.

அன்ரியின் கையில் ஒரு பொருள் நிற்காது. அதுதான் அவர். எங்கள் கட்டடத்தின் பார்ட்டி அறையில் யாருக்காவது பிறந்தநாள் என்றால் அவருக்கு முதலில் கேக் கொடுப்பார்கள், பெரியவர் என்று. அவர் தட்டை வாங்குவார், தலையை நிமிர்த்துவார், அறை முழுக்கப் பார்ப்பார். கதவுக்குப் பின்னால், சோடாப் பெட்டிக்குப் பக்கத்தில், ஒரு ஆள் வெறுங்கையோடு நின்றால் தட்டு அங்கே போய்விடும். அனேகமாக அந்த ஆள் நானாக இருப்பேன். அவரிடம் இன்னொரு தட்டுக் கொடுப்பார்கள். அதுவும் போகும். கடைசியில் மெழுகுதிரி குத்தியிருந்த துண்டைத்தான் அவர் சாப்பிடுவார்.

டெலிபோன் என்றால் இரண்டு வசனம். "நான் சுகம். நீ சாப்பிட்டியா?" அவ்வளவுதான், பக்கத்தில் நிற்கிற ஆளிடம் ரிசீவர் மாறும். லண்டனில் இருக்கும் அவருடைய தங்கச்சியோடு நான் ஒருநாள் அரைமணித்தியாலம் பேசினேன். அவர் யார் என்று எனக்குத் தெரியாது, நான் யார் என்று அவருக்கும் தெரியாது. இரண்டு பேரும் வெட்கத்தில் ரிசீவரை வைக்காமல் பேசிக்கொண்டே இருந்தோம்.

ஒருநாள் லிஃப்டுக்குள் ஒரு பெண்ணின் பை கிழிந்து உருளைக்கிழங்கு எல்லாம் உருண்டது. அவர் பொறுக்கக் குனிந்தபோது கையிலிருந்த பிள்ளையை அன்ரியிடம் கொடுத்தார். அன்ரி பிள்ளையை மெதுவாக இரண்டு தரம் ஆட்டினார், திரும்பினார், என்னிடம் தந்தார். தாய் நிமிர்ந்து பார்க்கிறார். அன்ரியின் கை வெறுமை. அந்தத் தாயின் முகம் போன போக்கை நான் இன்னும் மறக்கவில்லை. பிள்ளை என் தோளில் நித்திரையாகிவிட்டது.

"ஏன் அன்ரி உப்பிடிச் செய்யிறனீங்கள்?" என்று அன்றைக்குக் கேட்டேன்.

"ரெண்டு தட்டு மனே. மறுகா கை மாறோணும். அதுதான் சட்டம்."

"என்ன சட்டம்?"

"பாஸ்கற்போல்," என்றார், வேறு என்ன இருக்க முடியும் என்பதுபோல.

முழுக்கதையையும் கேட்டது கட்டடத்தில் எல்லாரும் உடுப்புத் தோய்க்கிற லோன்றி அறையில். அங்கே மெசின் ஓடி முடியும்வரை ஒருவரும் எழும்பிப் போகமாட்டார்கள்.

மட்டக்களப்பில் ஆண்பிள்ளைகளின் கல்லூரிக்கு அமெரிக்கப் பாதிரிமார் பாஸ்கற்போலைக் கொண்டுவந்திருந்தார்கள். பெண்பிள்ளைகளின் கல்லூரிக்கு அது நெடுநாள் கழித்துத்தான் வந்தது. எங்கள் நாட்டில் பெரிய பள்ளிக்கூடத்துக்கும் கல்லூரி என்றுதான் பெயர். ஒரு சிஸ்ரர் ஒரு பந்தையும் ஒரு சட்டப் புத்தகத்தையும் கொண்டு வந்து இறங்கினார். அவர் சேர்த்த முதல் அணியில் அன்ரியும் இருந்தார். உயரம் என்றபடியால் பிடித்துப் போட்டார்களாம்.

மைதானம் மணல். பந்தைத் தட்டினால் அது மணலில் விழுந்து அப்படியே இருந்துவிடும். அதனால் பிள்ளைகளே புற்றுமண் சுமந்து வந்து கொட்டி, தண்ணீர் தெளித்து, மிதித்து இறுக்கினார்கள். பாவாடை முழங்காலுக்கு நன்றாகக் கீழே வர வேண்டும், காற்றில் பறக்கவும் கூடாது. சிஸ்ரர் யோசித்து, மீன்வலையில் கட்டுகிற ஈயக்குண்டுகளை வாங்கிப் பாவாடை விளிம்பில் வைத்துத் தைத்துவிட்டார்.

"குதிச்சா குண்டு வந்து முழங்கால்ல அடிக்கும்," என்றார் அன்ரி. "இந்த முழங்கால் நோவ டொக்டர் வயசு எண்டு சொல்றார். வயசில்ல, பாவாடை."

அவருடைய அப்பா முதல் மெச்சுக்கு வந்து, குடையை விரித்து முகத்துக்கு நேரே பிடித்துக்கொண்டு இருந்தாராம். மகள் ஓடுவதைப் பார்க்கவும் வேண்டும், பார்த்ததை யாரும் பார்க்கவும் கூடாது.

சிஸ்ரரின் புத்தகத்தில் இருந்தது பெண்களுக்கான பழைய சட்டம். அணிக்கு ஆறு பேர். நடுவில் ஒரு கோடு. மூன்று பேர் கோட்டுக்கு முன்னால் நின்று கூடைக்கு எறிவார்கள். மூன்று பேர் பின்னால் நின்று மற்ற அணியை மறிப்பார்கள். ஒரு ஆள் பந்தை இரண்டு தரத்துக்கு மேல் தட்டக்கூடாது. கோட்டை ஒருவரும் தாண்டவே கூடாது. பெண்பிள்ளைகள் மைதானம் முழுக்க ஓடினால் நெஞ்சு தாங்காது என்று அந்தக் காலத்தில் அமெரிக்காவில் யாரோ முடிவெடுத்திருந்தார்கள்.

"எங்கட ஊரில பொம்பிளையள் விடிய வயலுக்க இறங்கினா பொழுதுபடத்தான் ஏறுவாங்க. அவங்கட நெஞ்சு தாங்கினது. பள்ளிக்கூடத்துப் பிள்ளையளுக்குத்தான் தாங்காதாம்."

அன்ரி பின்னுக்கு ஆடியவர். மற்ற அணியின் கையிலிருந்து பந்தைப் பறிப்பது, கோட்டடிக்கு வருவது, அந்தப் பக்கம் வெறுமையாக நிற்கிற ஆளைப் பார்த்துக் கொடுப்பது. கல்லூரியை விட்டு வெளியில் வரும்வரைக்கும் அவருக்கு இதுதான் வேலை.

"அப்ப நீங்கள் ஒருக்காலும் கூடைக்கு எறியேல்லையோ அன்ரி?"

"என்னெண்டு எறிய? கூடை அங்கால கிடந்தது," என்று சொல்லிவிட்டு, மடித்து முடித்த என் கணவரின் சேர்ட்டை என் மடியில் போட்டார்.

அவர் மறிப்பதையும் அந்த அறையில்தான் பார்த்தேன். ஒன்பதாம் மாடியில் ஒரு அக்கா இருந்தார். அவர்கள் அப்போதுதான் மார்க்கம் பக்கம் புது வீடு வாங்க எழுதியிருந்தார்கள், கட்டி முடியவில்லை. அது முடியும்வரை அந்த அக்காவுக்கு எங்களை எல்லாம் பார்க்க இரக்கமாக இருந்தது.

"நீங்கள் இன்னும் வாடகைக்குத்தானே இருக்கிறியள்?" என்று என்னைக் கேட்டார். "எத்தினை வருசம் உப்பிடியே இருக்கப் போறியள்? இவருக்கு வேலை நிரந்தரமில்லையோ?"

நான் சவர்க்காரத்தூள் பெட்டியில் இருந்த எழுத்தை வாசிக்கத் தொடங்கினேன். எனக்கு அப்படித்தான் பதில் வரும். அன்ரி கதிரையைவிட்டு எழும்பி எங்கள் இரண்டு பேருக்கும் நடுவில் வந்து நின்றார். நனைந்த போர்வை ஒன்றை இரண்டு கையாலும் உயர்த்தி விரித்துப் பிடித்திருந்தார். எனக்கு அந்த அக்கா தெரியவில்லை.

"மனே, உங்கட புது வீட்டில லோன்றி மெசின் வைக்கிறாங்களா?"

"வைக்காமல்? மேல்மாடியிலை தனி அறையே இருக்கு."

"அப்ப நல்லம். அதுவரைக்கும் இந்த மெசினுக்கதான் போடோணும், என்ன. நாலாவது மெசின் கொஞ்சம் உதறும். கவனம்."

அக்கா தன் கூடையை எடுத்துக்கொண்டு நாலாவது மெசினைத் தவிர்த்து அந்தப் பக்கம் போனார். அன்ரி என்னிடம் மெதுவாகச் சொன்னார்: "உடம்பில தொட்டா பவுல். நான் தொடல்ல. முன்னால நிண்டன், அவ்வளவுதான்."

கட்டடத்தின் பின்பக்கம் தார் போட்ட ஒரு சின்ன மைதானம் இருந்தது. ஒருகாலத்தில் இரண்டு பக்கமும் கூடை இருந்ததாம். ஒன்று முறிந்து போய், மற்றது மட்டும் வலையில்லாமல் துருப்பிடித்து நின்றது. நடுவில் மஞ்சள் கோடு, அரைவாசி அழிந்தபடி. அன்ரிக்குச் சீனி வருத்தம், நீரிழிவு. டொக்டர் நடக்கச் சொன்னதால் தினமும் காலையில் அங்கே நடப்பார். நடப்பது முழுக்கக் கூடை இல்லாத பக்கத்தில். மஞ்சள் கோட்டடிக்கு வருவார், கிறுகுவார், திரும்பிப் போவார். பனிக்காலத்தில் கோடு மூடிக் கிடந்தாலும் அதே இடத்தில்தான் கிறுகுவார். பனியில் அவருடைய சப்பாத்து அடி மைதானத்தின் பாதியில் மட்டும் இருக்கும்.

ஒன்பதாம் மாடி அக்கா பல்கனியிலிருந்து பார்த்துவிட்டு லிஃப்டுக்குள் கேட்டார்: "பாதி மட்டும் நடந்தாப் பாதிச் சீனிதானே இறங்கும் அன்ரி?"

"பாதி இறங்கினாப் போதும் மனே. மற்றப் பாதி இருக்கட்டும், தேத்தண்ணிக்கு."

நானும் கேட்டேன், ஏன் அங்கால போவதில்லை என்று. "பழக்கம்," என்றார். அவர் பதிலைச் சுருக்கிப் பார்வையைத் திருப்புவதை நான் அன்றைக்குத்தான் முதல்முறை கண்டேன்.

அந்த வருடம் இலையுதிர் காலத்தில் கட்டட நிர்வாகம் பார்ட்டி அறையில் ஒரு கூட்டம் வைத்தது. பின்மைதானத்தில் நிற்கிற கூடையைக் கழற்றப் போகிறார்களாம். வாகனத் தரிப்பிடத்தில் வழிக்கிற பனியைக் குவிக்க அந்த இடம் வேண்டுமாம். யாருக்கும் ஏதாவது சொல்ல இருக்கிறதா என்று கேட்டு மைக்கைச் சனத்துக்குள் விட்டார்கள். அது கைமாறிக் கைமாறி அன்ரியிடம் வந்தது. அன்ரி எழும்பி, சிஸ்ரரிடம் படித்த நல்ல இங்கிலீசில், "அந்தக் கூடை யாருக்கும் இடைஞ்சல் செய்யவில்லை. அது நிற்கட்டும்," என்றார். இரண்டு வசனம். பிறகு தலையை நிமிர்த்தினார்.

நான் கதவடியில் நின்றேன். எனக்குத் தெரிந்துவிட்டது. மைக் என் கையில் இருந்தது. அறை முழுக்க என்னைப் பார்த்தது. கூடையைப் பற்றிச் சொல்ல எனக்கு ஒரு இங்கிலீசுச் சொல்லும் வரவில்லை. வந்ததைச் சொன்னேன்.

"எலிவேற்றர் நோ குட்."

அறை முழுக்கக் கைதட்டியது. யாரோ விசிலும் அடித்தார்கள். அடிக்கடி இடையில் நின்றுவிடுகிற லிஃப்ட் அந்தக் கிழமையே திருத்தப்பட்டது. கூடைக்கு மட்டும் நாள் குறித்துவிட்டார்கள், ஒரு சனிக்கிழமை.

"கூடை போயிட்டுது அன்ரி," என்றேன் கவலையோடு.

"லிஃப்ற் வந்திட்டுதே," என்றார் அன்ரி. ஆனால் அவர் அன்றைக்கு நடக்கப் போகவில்லை.

அந்தச் சனிக்கிழமைக்கு முதல்நாள் மொன்றியலில் இருந்து அவருடைய சிநேகிதி வந்தார். அன்ரியின் மகன் ஏஜாக்ஸ் பக்கம் வீடு வாங்கிவிட்டார், இன்னும் சில கிழமையில் எல்லாரும் போகிறார்கள், அதற்குள் ஒருக்கா வந்து பார்க்கிறேன் என்று வந்தவர். கல்லூரி அணியில் முன்னுக்கு ஆடியவராம். கட்டை உருவம், பெரிய குரல். அன்ரி அவரைக் 'கட்டை' என்றார். அவர் அன்ரியைக் 'கொக்கு' என்றார். அன்ரியின் குசினியில் நாங்கள் மூன்று பேரும் இருந்தோம். பலகாரத் தட்டு வழக்கம்போல என் மடியில்.

அன்ரியிடம் கேட்ட கோட்டுக் கதையை நான் அவருக்குச் சொன்னேன். எனக்குப் புதிய ஆட்களோடு பேச வராது, ஆனால் அந்தக் கதை என்னிடம் பத்திரமாக இருந்தது. சிநேகிதி முறுக்கைக் கடித்துக்கொண்டே கேட்டார். கேட்டுவிட்டு அன்ரியின் பக்கம் திரும்பினார்.

"எல்லாம் சரி கொக்கு. கடைசி மெச்சச் சொன்னியா?"

அன்ரி எழும்பிப் போய்க் கோப்பை கழுவத் தொடங்கினார். கோப்பைகளில் தேத்தண்ணீர் இன்னும் இருந்தது.

"இவ சொல்லமாட்டா. நான் சொல்றன், கேளு கா," என்றார் சிநேகிதி. அவர்கள் ஊர்க் 'கா' எங்கள் 'அடி' மாதிரி. "கொழும்பில இருந்து ஒரு கல்லூரி எங்களோட விளையாட வந்தது. அவங்களுக்குக் கோடும் இல்ல, ஒண்டும் இல்ல. ஆம்பிளைப் பிள்ளையள் மாதிரி எல்லாரும் எங்கயும் ஓடுறாங்க. எங்கட சிஸ்ரரும் அவங்கட சிஸ்ரரும் புத்தகத்தைத் திறந்து வைச்சு வாதாடுறாங்க, வெயில் சாஞ்சு போச்சு. கடைசியா ஒரு முடிவுக்கு வந்தாங்க. முதல் பாதி எங்கட சட்டம். ரெண்டாம் பாதி அவங்கட சட்டம்."

"அப்ப ரெண்டாம் பாதியிலை கோட்டைத் தாண்டலாமோ?" என்றேன்.

"தாண்டலாம். ஆரும் தாண்டலாம். எங்களுக்குச் சந்தோசம் தாங்க ஏலாம, முன்னுக்கு ஆடின நாங்க எல்லாரும் பின்பக்கத்துக்குப் போயிட்டம். அந்தப் பக்கத்த நாங்க ஒருநாளும் கிட்டப் பாத்ததில்ல பாரு. கொழும்புப் பிள்ளையளும் எங்கட கூடைக்கு எறிய அங்கதான் நிக்கிறாங்க. நாங்க ஒரு புள்ளி பின்னுக்கு, ஆட்டம் முடியப்போகுது. இவ ஒருத்தியின்ட கையில இருந்து பந்தைப் பறிச்சிட்டா. அங்கால பாதி மைதானம் வெறுமை. ஒரு ஆட்டுக்குட்டி இல்ல. கூடை மட்டும் நிக்குது."

அன்ரி தண்ணீர்க் குழாயைப் பூட்டினார்.

"நாங்க எல்லாரும் 'ஓடு கொக்கு, ஓடு கொக்கு' எண்டு கத்துறம். சிஸ்ரரும் கத்துறா. இவட அப்பா குடைய மடக்கிப்போட்டு எழும்பி நிண்டு கத்துறார். இவ ஓடி வாறா, வாறா, கோட்டடிக்கு வந்து நிண்டிட்டா. கண்ணாடியில முட்டின குருவி மாதிரி. நிண்டு, பந்தை ஆருக்குக் குடுக்கிற எண்டு தேடுறா. ஆர் இருக்கு? எல்லாரும் இவவுக்குப் பின்னால நிக்கிறம். விசில் அடிச்சாச்சு."

சிநேகிதி சிரித்தார். எனக்கும் சிரிப்பு வந்தது. அன்ரியைப் பார்த்ததும் அடங்கிவிட்டது. அவர் ஈரக்கையோடு நின்றார்.

"அந்த மெச்ச நான்தான் தோக்கடிச்ச," என்றார். "கோடு மறிச்ச எண்டு ஊருக்குச் சொல்லிக்கொண்டு திரியிறன். அண்டைக்குக் கோடு மறிக்கல்ல. போயிருந்தா வெண்டிருப்பம். அப்பா குடைய மடக்கின ஒரே நாள்."

சிநேகிதி வாயில் இருந்ததை விழுங்கினார். "இவ்வளவு காலமும் இதையா கொக்கு வைச்சிருக்கிறாய்?"

கையில் எதையும் இரண்டு தட்டுக்கு மேல் வைத்திருக்காத மனிசி. நான் பலகாரத் தட்டைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"விடிஞ்சா அந்தக் கூடையக் கழட்டுறாங்களாம், என்ன?" என்றார் சிநேகிதி. "அதுக்கு முன்ன ஒருக்கா எறி."

"எனக்கு ஒண்ணா," என்றார் அன்ரி, முடியாது என்று தலையை ஆட்டி.

சனிக்கிழமை காலையில் சுப்பர் ஏணியோடு போவதைப் பல்கனியிலிருந்து கண்டுவிட்டுக் குளிர்கோட்டைப் போட்டுக்கொண்டு நானும் இறங்கினேன். சிநேகிதி அன்ரியைக் கையில் பிடித்து இழுத்து வந்திருந்தார். லோன்றி அறையில் யாரோ விட்டுப்போன சாமான்கள் போடுகிற பெட்டிக்குள் ஒரு பழைய பந்து கிடந்ததாம். சுப்பர் அதற்குக் காற்று அடித்துக் கொடுத்திருந்தார். அவர் ஏணியில் ஏறி, ஒரு கையால் வளையத்தைப் பிடித்துக்கொண்டு மற்றக் கையால் ஆணிகளை இளக்கத் தொடங்கினார். ஒன்பதாம் மாடி அக்கா லோன்றிக் கூடையோடு போகிற வழியில் என்ன விசேசம் என்று வந்து நின்றார். நான் கூடை இருக்கும் பக்கத்தில், வேலியோரம், என் மூலையில் நின்றேன்.

அன்ரி கோட்டுக்கு இந்தப் பக்கம், தான் நடக்கிற பக்கத்தில் நின்றார். எறியமாட்டேன் என்று முகத்தைத் திருப்பிக்கொண்டு நின்றார். சிநேகிதி ஒன்றும் கேட்கவில்லை. பந்தை நிலத்தில் தட்டினார். தட்டியபடி அன்ரியை நோக்கிப் போனார். அந்தப் பக்கம் கூடையே இல்லை. ஆனால் இரண்டு பேருக்கும் அங்கே ஒரு கூடை தெரிந்திருக்க வேண்டும். சிநேகிதி இடப்பக்கம் போகப் பார்த்தார். அன்ரியின் கை இரண்டும் தன்பாட்டில் மேலே எழும்பின. வலப்பக்கம் போகப் பார்த்தார். அங்கேயும் அன்ரி.

"விடு கொக்கு."

"தொடல்ல நான்."

"என்ட வழிய விடு எண்டு சொல்றன்."

பந்து அன்ரியின் கையில் இருந்தது. எப்போது பறித்தார் என்று நான் காணவில்லை. ஒரு காலை ஊன்றினார், கிறுகினார், அந்த முழங்காலோடு கோட்டடிவரை கிட்டத்தட்ட ஓடியே வந்தார். மஞ்சள் கோட்டில் சப்பாத்து முட்டியதும் நின்றார்.

தலை நிமிர்ந்தது. கண் ஓடியது. ஏணிக்கு மேலே சுப்பர், இரண்டு கையும் வேலையில். ஒன்பதாம் மாடி அக்கா, இரண்டு கையிலும் உடுப்புக் கூடை. சிநேகிதி பின்னால். கண் என்னில் வந்து நின்றது. நான் வெறுமையாக, ஒருவரும் கவனிக்காத நல்ல இடத்தில் நின்றேன். பந்து அவருடைய நெஞ்சடிக்கு வந்தது. இனி என்ன நடக்கும் என்று எனக்குத் தெரியும். தேங்காயிலிருந்து மைக்வரைக்கும் அந்த நெஞ்சடியிலிருந்து வந்த எல்லாவற்றையும் நான் வாங்கியிருக்கிறேன்.

நான் இரண்டு கையையும் குளிர்கோட்டுப் பொக்கற்றுக்குள் விட்டேன்.

"கைய எடு மனே," என்றார் அன்ரி.

"குளிருது அன்ரி."

"கைய எடு எண்டு சொல்றன்."

"சரியான குளிர் அன்ரி."

எனக்கு வியர்த்தது. அன்ரி என்னைப் பார்த்தார். பிறகு கோட்டைப் பார்த்தார். ஏணியில் இருந்த சுப்பருக்கு ஒன்றும் விளங்கவில்லை, ஆனாலும் திருகுசாவியை நிறுத்திவிட்டுத் தலையை ஒருபக்கம் ஒதுக்கிக்கொண்டார்.

அன்ரி காலைத் தூக்கி, சேறு இருக்கிற இடத்தைக் கடப்பதுபோல, கோட்டுக்கு அந்தப் பக்கம் வைத்தார். மற்றக் காலும் வந்தது. பந்தைத் தட்டினார். இன்னொருமுறை தட்டினார். நின்றார். பந்தை இரண்டு கையாலும் முழங்காலுக்கு நடுவில் கொண்டுபோய், கிணற்றடியில் வாளித் தண்ணீரை வீசுவதுபோல, கீழிருந்து மேலே எறிந்தார்.

வளையத்தில் படவில்லை. பலகையிலும் படவில்லை. சுப்பரின் தொப்பிக்கு மேலால் போய், வேலியைத் தாண்டி, குப்பைத் தொட்டி இருக்கிற பக்கம் எங்கேயோ விழுந்தது. கனநேரம் கழித்துத்தான் சத்தம் கேட்டது.

முதலில் சிநேகிதியின் தோள் குலுங்கியது. பிறகு அவர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு தாரில் அப்படியே இருந்துவிட்டார்.

"கொக்கு," என்றார் மூச்சு வாங்க, "அண்டைக்கு நீ போயிருந்தாலும் நாம தோத்துத்தான் இருப்பம்."

அன்ரி திரும்பிப் பார்த்தார். "உண்மையாவா?"

"கண்ணால பாத்தன்தானே. உனக்கு எறியவே தெரியாது கா."

"நான் ஒருநாளும் எறிஞ்சு பழகல்லயே."

"அதத்தான் சொல்றன். பந்து பள்ளிக்கூடத்துக்குப் பக்கத்து வாவிக்குள்ள போயிருக்கும். சிஸ்ரர் தோணி பிடிச்சுத்தான் எடுத்திருப்பா."

அன்ரி கூடையைப் பார்த்தார். குப்பைத் தொட்டிப் பக்கம் பார்த்தார். இரத்தப் பரிசோதனை எல்லாம் நல்லம் என்று டொக்டர் சொல்லும்போது சிலரின் முகம் இருக்குமே, அப்படி இருந்தது.

"அப்ப நான் தோக்கடிக்கல்ல," என்றார்.

"இல்ல. எல்லாரும் சேந்துதான் தோத்த."

அன்ரி சிரிக்கத் தொடங்கினார். சிநேகிதியைத் தூக்கிவிடக் குனிந்தவர், முழங்கால் விடாமல் அவருக்குப் பக்கத்திலேயே தாரில் இருந்துவிட்டார். இரண்டு பேரையும் எழுப்ப ஒன்பதாம் மாடி அக்கா உடுப்புக் கூடையைக் கீழே வைத்துவிட்டு வரவேண்டியதாகிவிட்டது.

சுப்பர் இறங்கிப் போய்ப் பந்தைத் தேடி எடுத்து வந்தார். "வன் மோர்?" என்று அன்ரியிடம் நீட்டினார். அன்ரி பந்தை வாங்கி, அவரிடமே திருப்பிக் கொடுத்தார்.

"வேணாம் மனே. கழட்டு."

அதற்குப் பிறகு ஏஜாக்ஸ் போகும்வரை அன்ரி தினமும் அங்கே நடந்தார். நான் பல்கனியிலிருந்து பார்ப்பேன். கோட்டடியில் அவருடைய நடை கொஞ்சமும் குறையாது. நேரே போய், கூடையில்லாத கம்பத்தைக் கையால் தொட்டுவிட்டுத்தான் கிறுகுவார். முதல் பனி விழுந்த அன்று மைதானம் முழுக்க அவருடைய சப்பாத்து அடி இருந்தது.

கடைசிச் சனிக்கிழமை கடைக்குப் போய்விட்டு இரண்டு பேரும் லிஃப்டில் ஏறினோம். உள்ளே ஒன்பதாம் மாடி அக்கா நின்றார். அவர்களுடைய வீடு இன்னும் முடியவில்லை.

"இப்ப முழுக்க நடக்கிறியள் போலை," என்றார். "சீனி முழுக்க இறங்கியிருக்குமே அன்ரி?"

"அது அப்பிடியேதான் கிடக்கு மனே," என்றார் அன்ரி. பையிலிருந்து ஒரு தேங்காயை எடுத்தார், காதடியில் இரண்டு தரம் குலுக்கினார், என் பக்கம் திரும்பினார். நான் கையைப் பொக்கற்றுக்கு வெளியில் எடுத்து வைத்திருந்தேன்.